மாதர் கலாசாலையும் அதன் ஆட்சியும்

மாதர்க்குக் கல்வி வேண்டுமா என்பது குறித்து இன்று எவரும் வெளிப்படையாகத் தர்க்கம் செய்வதில்லை. அவ்வழக்கு தீர்ந்துவிட்டது. ஆனால், மாதர்க்கென ஏற்பட்ட கலாசாலையை ஆளும் பொறுப்பு யாருடையது என்னும் வழக்கோ எளிதில் தீர்வதாயில்லை. மேடையில் பெண் கல்வியைப் போற்றுவோர் பலர். நிர்வாக சபையில் அப்போற்றுதலைச் செயலாக்குவோர் சிலரே. இவ்விஷயத்தில் ஐக்கிய அமெரிக்காவின் மஸாசூஸெட்ஸ் மாகாணத்திலுள்ள மவுண்ட் ஹோலியோக் மாதர் கலாசாலையின் சரித்திரம் நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது.

அக்கலாசாலையை ஸ்தாபித்தவர் மேரி லயன் என்னும் உபாத்தியாயினி. 1797-ம் ஆண்டில் ஓர் எளிய குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர். அக்காலத்தில் பெண்களுக்கு உயர்தரக் கல்வி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் செல்வர் வீட்டுப் பெண்களுக்கே கிடைத்தது. இந்நிலையை மாற்றத் துணிந்த அவ்வம்மை, பச்சை வெல்வெட் பையொன்றைக் கையிலேந்தி ஊர் ஊராகச் சென்று பொருள் திரட்டினார். ஆயிரம் டாலர் ஈந்தோர் இருவர் உண்டு. 6 சென்ட் மட்டுமே கொடுக்க முடிந்தவர்களும் உண்டு. இவ்வாறு சேர்ந்த பணத்தைக் கொண்டு எழுந்த வித்தியாசாலை 1837-ம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ந் தேதி சுமார் 80 மாணவிகளுடன் திறக்கப்பட்டது. அரசரும் பிரபுவும் அளித்த தானமன்று அது. பொது ஜனங்களின் சிறு காசுகளால் எழுந்த கட்டடம்.

போஜனத்திற்கும் போதனைக்கும் சேர்த்து வருஷத்திற்கு 60 டாலரே சம்பளம். இவ்வளவு குறைந்த தொகையில் எவ்வாறு நடத்தினார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். சமைத்தல், துவைத்தல், பெருக்குதல், பாத்திரம் துலக்குதல் ஆகிய வேலைகள் அனைத்தையும் மாணவிகளே முறை வைத்துச் செய்தனர். ஒவ்வொருத்திக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை உண்டு. இது பெண்களுக்கு அடுக்களைப் பயிற்சி தரும் உபாயம் என்று சிலர் எண்ணினர். மேரி லயன் அவ்வெண்ணத்தை ஏற்கவில்லை. வீட்டு வேலையைக் கற்பிப்பது தாயின் கடமை. கலாசாலையில் அவ்வேலை செலவைக் குறைக்கவே என்பது அவர் கொள்கை. இரசாயனமும் தாவர சாஸ்திரமும் கற்க வந்த பெண், அக்கல்வியின் விலையில் ஒரு பகுதியைத் தன் கையுழைப்பால் செலுத்தினாள். கையால் உழைப்பது இழிவென்று கருதும் படித்த வகுப்பார் இதைச் சிந்திப்பார்களாக.

ஆதி நாட்களில் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. விதிகளை மீறிய மாணவி தன் குற்றத்தைத் தானே சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும். மத நம்பிக்கையின் அளவு கொண்டு மாணவிகளை வகைப்படுத்தும் வழக்கமும் இருந்தது. 1847-48-ல் அங்கு பயின்ற எமிலி டிக்கின்ஸன் என்னும் பிற்காலப் பெருங் கவி, எவ்வளவு வற்புறுத்தியும் தம் உள்ளத்திற்கு மாறாக நம்பிக்கையை வெளியிடவில்லை. வாய் திறந்து சம்மதிக்காமையும் ஒரு வகைச் சுதந்திரமே.

இக்காலத்தில் அக்கடுமைகள் இல்லை. இனிய வழக்கங்களோ பல நிலைத்துள்ளன. 1838-ம் ஆண்டு முதல் மலைத் திருநாள் என்றொரு வைபவம் நடைபெற்று வருகிறது. இலையுதிர் காலத்தில், முன்னறிவிப்பின்றி ஒரு காலையில் மணிகள் முழங்கும்; பாடங்கள் நிறுத்தப்படும்; மாணவிகள் கூட்டங் கூட்டமாகச் சென்று ஹோலியோக் மலையில் ஏறுவர். ஸ்தாபகர் தினத்தன்று விடியற் பொழுதின் குளிரில், கலாசாலை வளாகத்திலேயே உள்ள மேரி லயன் சமாதியருகே கூடி ஐஸ்கிரீம் உண்பர்! கேட்போர்க்கு நகைப்பாகத் தோன்றலாம். ஆனால் ஸ்தாபகரை உருவப் படமாக்கிச் சுவரில் மாட்டிவிட்டு மறந்துவிடுவதினும் இது மேலன்றோ? பட்டமளிப்புக்கு முதல் நாள் பழைய மாணவிகளும் புதிய மாணவிகளும் வெண்ணுடை தரித்து அணிவகுத்து வருவர். பட்டம் பெறுவோர் பசுந்தழை மாலையைத் தோளில் சுமந்து சென்று அச்சமாதியைச் சூழ அணிவிப்பர். அவ்வெண்ணுடை, 1920-ல் வெற்றியடைந்த மாதர் வாக்குரிமைப் போராட்டத்தை நினைவூட்டுவது. வழக்கம் என்பது வெறும் விளையாட்டன்று. ஒரு தலைமுறையின் கையை அடுத்த தலைமுறையின் கையில் சேர்ப்பது.

இக்கலாசாலை வளர்த்த பெண்மணிகள் எத்தகையோர்? 1902-ல் பட்டம் பெற்ற பிரான்ஸெஸ் பெர்க்கின்ஸ், மாணவியாய் இருந்தபோதே அருகிலிருந்த ஆலைகளுக்குச் சென்று தொழிலாளர் நிலையைக் கண்ணாரக் கண்டவர். 1933-ல் அவர் அமெரிக்கத் தொழில் மந்திரியானார். அந்நாட்டு மத்திய மந்திரி சபையில் இடம்பெற்ற முதற் பெண் அவரே. 1929-ல் பட்டம் பெற்ற வர்ஜீனியா அப்கார் என்னும் வைத்தியர், பிறந்த சிசுவின் நிலையை உடனே அளந்தறியும் முறையை வகுத்தார். உலகெங்கும் பிரசவ அறைகளில் அது கையாளப்படுகிறது.

இத்தகைய பெருமை வாய்ந்த ஸ்தாபனத்தில்தான் நாம் முதலில் குறித்த வழக்கு எழுந்தது. 1901 முதல் 36 ஆண்டுகள் தலைமை வகித்தவர் மேரி வூலி அம்மையார். 1932-ல் ஜெனிவா ஆயுதக் குறைப்பு மகாநாட்டிற்கு அமெரிக்கப் பிரதிநிதிகளுள் ஒருவராய்ச் சென்றவர். அவர் ஓய்வு பெறுங்கால், தர்மகர்த்தாக்கள் ஓர் ஆடவரைத் தலைவராகத் தெரிந்தெடுத்தனர். நூறாண்டுகளாகப் பெண்களே நடத்திவந்த கலாசாலையை, அதன் நூற்றாண்டு விழா நடந்த 1937-ம் வருஷத்திலேயே ஓர் ஆடவரிடம் ஒப்புவித்தனர். வூலி அம்மையார் கண்டித்தார், பழைய மாணவிகள் பலர் கண்டித்தனர், பயனில்லை. அம்மையார் 1947-ல் மரிக்கும் வரை அவ்வளாகத்தில் மீண்டும் அடி வைக்கவில்லை.

வந்த ஆடவர் திறமையற்றவர் என்பது நமது வாதமன்று. அவர் கல்விமானே. நாம் கேட்பது வேறு. நூறாண்டு பெண்களுக்கு உயர்கல்வி தந்த ஸ்தாபனம், தன்னை நடத்தத் தகுந்த ஒரு பெண்ணைக் காண முடியவில்லையெனில், அது அளித்த கல்வியைக் குறித்து அத்தர்மகர்த்தாக்களே என்ன எண்ணினார்கள்? தகுதி உண்டு, ஆனால் ஆட்சி இல்லை என்று சொல்வது எத்தகைய நீதி? நமது தேசத்தார்க்கு இவ்வாதம் புதிதன்று. நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள், நாங்கள் ஆளுகிறோம் என்று அந்நியர் நம்மிடம் சொன்னபோது நாம் சீறி எழவில்லையா? நமக்குக் கசந்த மருந்து நம் சகோதரிகளுக்கு மட்டும் இனிக்குமோ?

பிற்பாடு அக்கலாசாலை விழித்துக்கொண்டது. 1969-ல் வாஸர் மாதர் கலாசாலை ஆடவரையும் சேர்த்துக்கொண்டபோது, இதுவும் அவ்வழியே செல்லும் என்று பலர் எதிர்பார்த்தனர். 1971-ல் தர்மகர்த்தாக்கள் மாதர் கலாசாலையாகவே நிலைப்பது என்று தீர்மானித்தனர். 1978-ல் அங்கேயே பயின்ற எலிஸபெத் கென்னன் தலைமைப் பதவியை ஏற்றார். நாற்பத்தோராண்டு கழித்து ஆட்சி உரியவரிடம் வந்து சேர்ந்தது.

மாதர் கல்விக்காகப் பொருள் ஈயும் அன்பர்களுக்கும், சபைகளில் அமரும் தேசபக்தர்களுக்கும் நாம் ஒன்று கூறுவோம். கட்டடம் எழுப்புவது புண்ணியம். விழாவில் மாலை சூட்டிக்கொள்வது மனித இயல்பு. ஆனால் சாவியைக் கொடுக்க மனமில்லாதவன் வீட்டைக் கொடுத்தவனாகமாட்டான். ஆறு சென்ட் கொடுத்த அவ்வேழைகள் சாவியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை என்பதை நாம் மறவாதிருப்போமாக.