ஜாக்கி என்று சொன்ன பையன்

சீட்டுக்கட்டில் ராஜா, ராணிக்கு அடுத்த படச்சீட்டை நாம் ஜாக்கி என்கிறோம். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அதற்கு இரண்டு பெயர் இருந்தன. பெரிய வீட்டார் ‘நேவ்’ என்பார்கள், உழைத்துப் பிழைப்பவர்கள் ‘ஜாக்’ என்பார்கள். கொல்லர் வீட்டில் வளரும் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் பெரிய வீட்டுக்கு விளையாடப் போன இடத்தில் ‘ஜாக்’ என்று சொல்லிவிடுகிறான். எதிரே உட்கார்ந்து ஆடும் சிறுமி முதல் ஆட்டம் முடிவதற்குள் அதைப் பிடித்துக்கொண்டு ஏளனம் செய்கிறாள். பிறகு அவள் கண் அவன் கைக்குப் போகிறது. எவ்வளவு சொரசொரப்பு! பூட்ஸுக்குப் போகிறது. எவ்வளவு தடி!

அதுவரை பையனுக்குக் கைகள் இருந்தன, ஆனால் கைகளைப் பற்றிய நினைப்பு இருந்ததில்லை. வெளியே வந்து சுவரை உதைக்கிறான், தலைமயிரைப் பிய்த்துக்கொள்கிறான், அழுகிறான். நான்கு மைல் நடந்து வீடு திரும்பும்போது அவனுக்கு அந்தச் சிறுமிமேல் கோபம் இல்லை. அக்கா புருஷன் ஜோ தனக்கு ஏன் அந்தச் சீட்டை ஜாக் என்று சொல்லிக்கொடுத்தார், அவர் கொஞ்சம் நாகரிகமாக வளர்க்கப்பட்டிருக்கக் கூடாதா என்றுதான் மனம் ஓடுகிறது. அவனிடம் அன்பாக இருந்த ஒரே பெரியவர் ஜோ.

பையன் பெயர் பிப், சிறுமி எஸ்டெல்லா. நாவல் சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை, டிக்கன்ஸே நடத்திய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ வார இதழில் தொடராக வந்தது. அதில் முன்பே ஓடிக்கொண்டிருந்த இன்னொருவரின் தொடர் எடுபடாமல் விற்பனை சரிய ஆரம்பித்ததால் ஆசிரியரே களத்தில் இறங்கினார். (தொடர்கதையை நம்பிப் பத்திரிகைகள் ஓடிய காலத்தைப் பார்த்த தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.) கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அநாதை பிப், சிறையிலிருந்து தப்பி வந்த கைதி ஒருவனுக்குப் பயந்துபோய் வீட்டிலிருந்து சாப்பாடு திருடிக் கொடுக்கிறான். வருடங்கள் கழித்து முகம் தெரியாத யாரோ அனுப்பும் பணத்தில் லண்டனுக்குப் போய்க் கனவானாகிறான். ஜோவைப் பார்க்கவே கூசுகிறான். பணம் அந்தக் கைதியுடையது என்று கடைசியில் தெரிகிறது.

இந்த நாவல் எனக்குப் பள்ளியில் நான்-டீடெயில் புத்தகமாக அறிமுகமானது. கைதி இருந்தான். கல்யாணம் நின்றுபோன நாளிலேயே கடிகாரங்களை நிறுத்திவிட்டு, மணப்பெண் உடையைக் கழற்றாமல் வாழும் மிஸ் ஹாவிஷாம் இருந்தாள், சிலந்தி கூடு கட்டிய அவளுடைய கேக்கும் இருந்தது. சீட்டாட்டம் இருந்ததாக நினைவில்லை. சுருக்குபவர்கள் சம்பவங்களை வைத்துக்கொண்டு கூச்சத்தை வெட்டிவிடுகிறார்கள். இந்த நாவலில் கூச்சம்தான் சரக்கு. முழுப் புத்தகத்தைப் படித்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது.

மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சின்ன விஷயம். கெண்ட் மாவட்டத்துச் சதுப்பு நிலத்தில் குளிரில் நடுங்கும் கைதியைப் பார்த்து, உங்களுக்குக் குளிர்காய்ச்சல் கண்டிருக்கிறது, இந்தச் சதுப்பில் படுத்தால் அது வரும் என்று பிப் சொல்கிறான். அந்தச் சதுப்புகளில் அன்று பரவியிருந்தது மலேரியா. ஊரில் சின்னப் பையனுக்குக்கூட நோய் தெரியும், அது எந்த இடத்தில் பிடிக்கும் என்பதும் தெரியும், காரணம் மட்டும் யாருக்கும் தெரியாது. கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல். உடம்பின் காய்ச்சலைப் போலவே மனத்தின் காய்ச்சலையும் டிக்கன்ஸ் இடம், நேரம், நடுக்கம் எல்லாவற்றோடும் எழுதி வைத்துவிட்டார். அதற்குப் பெயர் வைக்க உளவியலுக்குப் பல வருடங்கள் பிடித்தன.

கூச்சம் பிறவியில் வருவதில்லை. குழந்தைக்குத் தெரியாமல் அதன் மூக்கில் கொஞ்சம் சிவப்புச் சாயம் தடவிக் கண்ணாடி முன் நிறுத்திப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஒரு வயதுக் குழந்தை கண்ணாடியில் இருப்பது வேறு பாப்பா என்று கையை நீட்டும். ஒன்றரையிலிருந்து இரண்டு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் கையைத் தங்கள் மூக்குக்கே கொண்டுபோகின்றன. வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதும் ஏறக்குறைய அந்தப் பருவத்தில்தான் ஆரம்பிக்கிறது. தன்னை இன்னொருவர் பார்க்கும் ஒரு பொருளாகப் பார்க்கத் தெரிந்தால்தான் கூசமுடியும். எஸ்டெல்லா பிப்புக்கு அப்படி ஒரு கண்ணாடியைக் காட்டினாள். அதைக் கீழே வைக்க அவனுக்கு முக்கால் நாவல் தேவைப்படுகிறது.

வளரும் வயதில் இந்தக் கண்ணாடி பூதாகரமாகிவிடும். முகத்தில் ஒரு பருவோடு பஸ்ஸில் ஏறும் பையன், பஸ்ஸே திரும்பி அதைத்தான் பார்க்கிறது என்று நம்புவான். அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-இல் இதைக் ‘கற்பனைப் பார்வையாளர்கள்’ என்றார். டிக்கன்ஸ் அந்தப் பார்வையாளர்களை இன்னும் சின்ன வயதிலேயே, மாட்டு உருவத்தில் அழைத்து வருகிறார். திருடிய தின்பண்டத்தோடு விடியற்காலை மூடுபனியில் ஓடும் பிப்பை வழியில் நிற்கும் மாடுகள் முறைக்கின்றன. அதில் ஒரு கறுப்பு எருதுக்குக் கழுத்தில் வெள்ளைப் பட்டை. பிப்பின் கண்ணுக்கு அது கழுத்துத்துணி கட்டிய பாதிரியாராகத் தெரிகிறது. நான் என்ன செய்வேன், எனக்காகவா எடுத்தேன் என்று எருதிடம் அழுது மன்றாடுகிறான். படிக்கும்போது சிரிப்பு வரும், கூடவே தொண்டையும் அடைக்கும்.

தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் இதை எண்ணியே பார்த்தார்கள். மாணவர் ஒருவருக்கு, போட்டுக்கொள்ளவே வெட்கப்படும்படி ஒரு பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டி, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர் சட்டையைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டுக்கொண்டவர்கள் கணக்குப் போட்டார்கள். உண்மையில் கவனித்தது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. மிச்சப் பேருக்கு அவரவர் சட்டையைப் பற்றிய கவலை இருந்திருக்கும்.

இனி நாவலின் உண்மையான வித்தைக்கு வரலாம். அதற்கு முன் நீங்கள் ஒரு காரியம் செய்யவேண்டும். பத்து வயதில் எல்லார் முன்னாலும் அவமானப்பட்ட ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். வகுப்பில் எழுந்து நின்றது, மேடையில் வசனம் மறந்தது, எதுவானாலும் சரி. காட்சி வந்துவிட்டதா? அதில் உங்கள் முகம் தெரிகிறதா?

தெரிந்தால் யோசிக்க வேண்டிய விஷயம் அது. அந்த நேரத்தில் நீங்கள் உங்கள் கண்வழியாகத்தான் பார்த்திருக்க முடியும். ஆசிரியரின் பிரம்பு தெரிந்திருக்கும், பெஞ்சு தெரிந்திருக்கும், உங்கள் முகம் எப்படித் தெரிந்திருக்கும்? ஃபிராய்டு 1899-லேயே இந்த ஓட்டையைப் பிடித்தார். நினைவில் நம்மையே வெளியிலிருந்து பார்க்கிறோம் என்றால் அந்த நினைவு பிறகு யாராலோ திருத்தி எழுதப்பட்டிருக்கிறது, அந்த யாரோ நாமேதான் என்பது அவர் வாதம். ஜியார்ஜியா நிக்ரோவும் உல்ரிக் நைஸரும் 1983-இல் பலருடைய நினைவுகளைச் சேகரித்துப் பார்த்தார்கள். சமீபத்து நினைவுகள் பெரும்பாலும் சொந்தக் கண்வழியே வருகின்றன. பழைய நினைவுகளிலும், பிறர் பார்வை நம்மேல் விழுந்த தருணங்களின் நினைவுகளிலும் நாம் வெளியே நின்று நம்மைப் பார்ப்பது அதிகமாகிறது.

‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ முழுவதும் இந்த இரண்டு கண்களால் எழுதப்பட்ட புத்தகம். கதை சொல்பவர் வயதேறிய பிப், கதையில் வாழ்பவன் சின்னப் பிப். இரண்டு பேருக்கும் ‘நான்’ என்ற ஒரே சொல்தான். இதைக் காட்ட, ஜோ லண்டனுக்கு வரும் அத்தியாயம் ஒன்று போதும். அவர் வராமலிருக்கப் பணம் கொடுக்கவேண்டுமென்றால் கொடுத்திருப்பேன் என்று பிப் ஒப்புக்கொள்கிறான். ஜோ வருகிறார், இறுக்கும் ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு. தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கணப்பு அடுப்புக்கு மேலிருக்கும் மாடத்தின் ஓரத்தில் வைக்கிறார். அது விழுகிறது. பிடிக்கிறார், வைக்கிறார், மறுபடி விழுகிறது. விக்கெட் கீப்பர் மாதிரி பாய்ந்து பாய்ந்து பிடிக்கிறார் என்கிறார் டிக்கன்ஸ். கடைசியில் தொப்பி எச்சில் தேநீர் ஊற்றும் கிண்ணத்திலேயே போய் விழுகிறது. பிப்பைப் பார்த்து ஒரு வாய் ‘சார்’ வருகிறது, மறுவாய் பழைய செல்லப்பேர் வருகிறது.

சிரிப்பது சின்னப் பிப்பின் கண். அதே வாக்கியங்களுக்குள் இன்னொரு கண் உட்கார்ந்துகொண்டு தொப்பியைப் பார்க்காமல், அதைப் பார்த்து எரிச்சல்படும் இளைஞனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இருபது வயதில் படித்தபோது எனக்கு ஜோவைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. எப்போது கிளம்புவார் என்று பிப்போடு சேர்ந்து நானும் காத்திருந்தேன். நாற்பத்தைந்தில் மறுபடி படித்தபோது ஜோவிடம் ஒரு சங்கடமும் இல்லை, பிப்பின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. புத்தகத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. விடுதிக்கு என்னைப் பார்க்க வந்த என் அப்பாவை அறைக்குக் கூப்பிடாமல் வாசல் டீக்கடையிலேயே பேசி அனுப்பிய ஒரு மாலை நடுவில் ஞாபகம் வந்ததுதான் வித்தியாசம். அந்த நினைவில் என் முகம் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

கிளம்பும்போது ஜோ தெளிவாகிவிடுகிறார். ‘சார்’ காணாமல் போகிறது. இந்த உடுப்பில் நான் நானில்லை, என்னைப் பார்க்க விரும்பினால் பட்டறை ஜன்னலில் தலையை நீட்டிப் பார், சம்மட்டியோடு நிற்பேன், அப்போது என்னிடம் இவ்வளவு குறை தெரியாது என்கிறார்.

ஜன்னல் என்ற சொல் டிக்கன்ஸுக்குச் சும்மா வந்திருக்காது என்பது என் எண்ணம். 1824-இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. அப்பா கடனுக்காக மார்ஷல்சி சிறைக்குப் போன சமயத்தில், பையன் பூட்ஸ் பாலிஷ் தயாரிக்கும் தொழிற்சாலையில் ஜாடிகளுக்குக் காகிதம் ஒட்டும் வேலைக்கு அனுப்பப்பட்டான். பட்டறை இடம் மாறியபோது வெளிச்சத்துக்காகப் பையன்களைத் தெருப்பக்க ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். அவர்களின் கை வேகத்தை வேடிக்கை பார்க்கத் தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். உலகப் புகழ் வந்த பிறகும் டிக்கன்ஸ் இதைத் தன் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. நண்பர் ஜான் ஃபாஸ்டரிடம் மட்டும் சொன்னார். 1870-இல் அவர் இறந்த பிறகு ஃபாஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. பிப்பின் கதையை எழுதும்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. சின்ன வயதில் அப்பாவோடு நடக்கையில் ஆசையாகப் பார்த்த கெண்ட் மாவட்டத்துப் பெரிய வீட்டைச் சில வருடங்களுக்கு முன் வாங்கியிருந்தார். பெரிய வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே இருந்த பையனைப் பார்த்து எழுதிய நாவல் என்று இதைச் சொல்லலாம்.

இப்படிப்பட்ட நாவல்களைப் படித்தால் பிறர் மனத்தை அறியும் திறன் கூடும் என்று 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்து உலகமெங்கும் செய்தியானது. சிறிது நேரம் படித்தாலே பலன் என்றார்கள். பிறகு மற்ற குழுக்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் பிடிபடவில்லை. எனக்கு இதில் வருத்தமில்லை. நாவல் சத்து மாத்திரை இல்லை. பிப்பைப் படித்த எல்லோரும் அப்பாவை அறைக்குள் கூப்பிட்டிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்?

ஜாக் விஷயத்துக்கு ஒரு பின்கதை உண்டு. மொழியியலாளர் ஆலன் ராஸ் 1954-இல் ஆங்கிலேயரின் மேட்டுக்குடிச் சொற்களையும் மற்றவர் சொற்களையும் பட்டியல் போட்டபோதுகூட ‘ஜாக்’ கீழ்வரிசையில்தான் இருந்தது. ஆனால் அதற்கு வெகு முன்பே, சீட்டின் மூலையில் எழுத்து அச்சிட ஆரம்பித்தபோது, ஆங்கில எழுத்துக்கூட்டலில் ராஜாவின் முதலெழுத்தும் நேவின் முதலெழுத்தும் ஒன்றாக இருந்து குழப்பியது. அச்சிடுபவர்கள் ஜாக்கின் எழுத்தையே போட்டுவிட்டார்கள். இன்று எந்தக் கட்டைப் பிரித்தாலும் வருவது பிப் சொன்ன பெயர்தான்.

பணமெல்லாம் போய், கிழக்கு நாட்டில் வேலை பார்த்துவிட்டு, பதினொரு வருடம் கழித்துப் பிப் ஊருக்கு வருகிறான். முன்னிரவு. பழைய சமையலறைக் கதவின் தாழில் கைவைத்து, சத்தமில்லாமல் திறந்து, உள்ளே இருப்பவர்கள் அறியாமல் எட்டிப் பார்க்கிறான். கொஞ்சம் நரைத்த ஜோ அதே இடத்தில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருக்கிறார். அவர் காலுக்கும் சுவர் மூலைக்கும் நடுவே, பிப்பின் பழைய குட்டி முக்காலியில், நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் பிப். ஜோவுக்குப் பிறந்த மகன். அவனுக்குப் பிப்பின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை பெரிய பிப் சின்னப் பிப்பை அந்தப் பழைய கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், ஒரு கல்லின் மேல் தூக்கி உட்காரவைக்கிறான். ஒருகாலத்தில் கைதி அவனைத் தூக்கி உட்காரவைத்ததும் இங்கேதான். பையன் பயப்படவில்லை. மேலே உட்கார்ந்தபடி, பெரிய பிப்பின் அப்பா அம்மா பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது என்று அவனுக்கே கையை நீட்டிக் காட்டுகிறான்.