நாலாயிரம் ரூபாயும் ஒரு தையல் மெஷினும்

ஒரு கணக்கு சொல்கிறேன், போடுங்கள். கால்குலேட்டர் வேண்டாம், மனக்கணக்கே போதும்.

குடும்பத்தில் ஆறு பேர். தாத்தா, பாட்டி, புருஷன், பெண்டாட்டி, ரெண்டு பிள்ளைகள். தெரிந்த வேலை, தேயிலைத் தோட்ட வேலை ஒன்றுதான். இந்தக் குடும்பம் கடல் தாண்டி வேறு நாட்டுக்கு நிரந்தரமாகக் குடிபோக வேண்டும். திரும்பி வருகிற பேச்சே கிடையாது. போகிற இடத்தில் வீடு இல்லை, வேலை இல்லை. தாத்தாவின் அப்பா எந்தக் காலத்திலோ விட்டுவிட்டு வந்த ஒரு கிராமத்தின் பெயர் மட்டும் தெரியும். கையோடு கொண்டுபோகிற பணத்துக்கு உச்சவரம்பு உண்டு. ம்... பட்ஜெட் போடுங்கள் பார்க்கலாம்!

'இதென்ன ஸார், பாங்க் பரீட்சையா?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இலங்கை மலையகத்தில் லட்சக்கணக்கான தமிழர்கள் 1960-களிலும் 70-களிலும் நிஜமாகவே போட்ட கணக்கு இது. அவர்களில் ஏகப்பட்ட பேர் கடைசியில் வந்து ஒண்டிய இடம் நம்ம நீலகிரி. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி... ஊட்டிக்கு டூர் போகிறவர்கள் பஸ் ஜன்னலைத் திறந்து 'ஆஹா, பச்சைக் கம்பளம்!' என்று புல்லரிக்கிறார்களே, அந்தக் கம்பளத்தில் கணிசமான பகுதி இவர்கள் கைவேலைதான்.

பி.காம். படித்த தோஷம், எதைப் பார்த்தாலும் எனக்கு வரவு-செலவாகத்தான் தெரியும். அதனால் இந்த இடப்பெயர்ச்சியையும் லெட்ஜர் மாதிரியே பிரித்துப் பார்க்கிறேன். சரித்திர வாத்தியார்கள் மன்னிக்கவும்.

1948-ல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம், தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலானவர்களை எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆக்கிவிட்டது. 1964 அக்டோபர் 30-ல் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒண்ணரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்து, 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் பித்தளைக் குடத்தைப் பிரிப்பது மாதிரி. குடத்தை யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

நம் பட்ஜெட்டுக்கு முக்கியமான ஷரத்து அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. போகிறவர்கள் பிராவிடண்ட் ஃபண்ட், கிராஜுவிட்டி உட்படச் சொத்துக்களை எடுத்துப் போகலாம். ஆனால் ஒரு குடும்பம் எடுத்துப் போகும் தொகைக்கு அரசாங்கம் உச்சவரம்பு வைக்கலாம். அந்த வரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே மட்டும் இறக்க மாட்டோம் என்பது வாக்குறுதி. கவனியுங்கள், தலைக்கு இல்லை, குடும்பத்துக்கு! அன்றைக்கு இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் ஒரே மதிப்பு. 1966 ஜூனில் இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. 1967 நவம்பரில் இலங்கை குறைத்தது. 'எக்ஸ்சேஞ்ச் ரிஸ்க்' என்று நாங்கள் காலேஜில் மனப்பாடம் பண்ணியதை, மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவர்கள் மடியில் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்கள்.

இப்போது ஒரு ஜம்ப். வருஷம் 2025. இடம் குன்னூர். என் நண்பன் ஒருவன், வயசு முப்பத்துமூணு, ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். மனைவி நர்ஸ். ரெண்டு குழந்தைகள். கனடாவில் நிரந்தரக் குடியுரிமைக்கு அடி போடுகிறான். 'அண்ணே, ஒருதரம் செக் பண்ணிக் குடுங்க' என்று லேப்டாப்பைத் திறந்து காட்டினான். எக்ஸெல் ஷீட்டில் நாற்பத்திரண்டு வரிசை! படிப்புச் சான்றிதழ் மதிப்பீடு, ஆங்கிலப் பரீட்சை, மெடிக்கல், போலீஸ் சர்டிஃபிகேட், விண்ணப்பக் கட்டணம், டிக்கெட், முதல் மாச வாடகை, அட்வான்ஸ், குளிர் கோட்டு நாலு. ஊட்டி ஸ்வெட்டர் அங்கே செல்லாதாம்.

கூட்டிப் பார்த்தேன். தப்பே இல்லை. பயலுக்கு என்னைவிட நல்ல கை.

அந்த ஷீட்டில் பெரிய ஐட்டம், கையிருப்புப் பணம். வேலை உத்தரவு இல்லாமல் போகிறவர்கள், போய் இறங்கிக் கொஞ்ச நாள் சாப்பிடக் காசு இருக்கிறது என்று கனடாக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். நாலு பேர் குடும்பத்துக்கு 2025-ல் நிர்ணயித்த தொகை 28,000 கனடா டாலரைத் தாண்டியது. நம்ம காசில் சுமார் பதினேழு லட்சம். கடன் வாங்கிக் காட்டக் கூடாது என்பது அவர்கள் சட்டம்.

இந்தியா பக்கம் தாராளம். ரிசர்வ் வங்கி ஒரு ஆளுக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்ப அனுமதிக்கிறது. குழந்தைக்கும் உண்டு. நாலு பேருக்குப் பத்து லட்சம் டாலர்! 1970-களில் அமெரிக்கா போன பெரியவர்கள் யாராவது மாட்டினால் கேட்டுப் பாருங்கள், 'எட்டு டாலரோட வந்து இறங்கினேன்' என்று ஆரம்பிப்பார்கள், சாப்பாடு ஆறிவிடும். கதவு இப்போது அகலமாகத் திறந்திருக்கிறது. நுழைப்பதற்கு நம்மிடம் டாலர்தான் இல்லை!

நண்பன் கதையை இங்கே இழுத்ததற்குக் காரணம், அவனுடைய அப்பாயி. எண்பது வயசு. கோத்தகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து லைன் வீட்டில், மகன் மருமகளோடு இருக்கிறார். 1974-ல் கண்டிப் பக்கமிருந்து புருஷன், மாமனார், மாமியார், ரெண்டு பிள்ளைகளோடு வந்தவர். என் முதல் பாரா கணக்கின் கதாநாயகியே அவர்தான். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தர், அன்றைக்கு ஏழு வயசு, நண்பனின் அப்பா.

'அந்த நாலாயிரம் எப்படி ஆயா கொண்டாந்தீங்க?' என்று கேட்டேன். சிரித்தார்.

'நாலாயிரத்தை யாரு கண்டா? ஈ.பி.எஃப். காசு வர்றதுக்கே எட்டு மாசம் காத்துக் கிடந்தோம். காசு குறைச்சலாத்தான் கொண்டு போகணும்னாங்க. அதனால காசைச் சாமானா மாத்துனோம். பித்தளை அண்டா, ரேடியோ, ஒரு தையல் மிசினு. சிங்கர் மிசினு. அது இன்னிக்கும் ஓடுது!'

ஆக, கரன்ஸியைக் கட்டுப்படுத்தினால் சொத்தாக மாற்றிக்கொள் என்று அப்பாயிக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகத்தில் பாஸ்போர்ட். அப்புறம் தலைமன்னாருக்கு ரயில். அந்த ரயிலுக்கு மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்றே பெயர். கோச்சி என்றால் அவர்கள் பேச்சில் ரயில். ஸ்டேஷன் ஸ்டேஷனாக அழுதுகொண்டே ஏற்றி அனுப்பியதால் வந்த பெயர். தலைமன்னாரிலிருந்து 'ராமானுஜம்' கப்பல், சில மணி நேரத்தில் ராமேஸ்வரம். அப்புறம் மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களை நிறுத்தி, நோய் நொடி பார்த்து அனுப்பிய அதே முகாம்தான். பாட்டனார் எந்த வாசல் வழியாகப் போனாரோ, அதே வாசல் வழியாகப் பேரன் வந்தான்.

பாட்டனார் போனதும் கடனில்தான். கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போவார். அந்தக் கடன் எழுதிய சீட்டுக்குப் பெயர் துண்டு. கடன் தீர்ந்தால்தான் வேறு தோட்டம் போகலாம். 1921-ல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். பேரன் திரும்பி வந்தபோது இந்திய அரசு என்ன கொடுத்தது? குடும்ப அட்டை... அதோடு பெரும்பாலானவர்களுக்கு 'வியாபாரக் கடன்'!

என் அபிப்பிராயத்தில் மொத்த பட்ஜெட்டும் கவிழ்ந்த இடம் இதுதான். மூணு தலைமுறையாகத் தேயிலையைத் தவிர எதையும் தொடாத ஒருத்தரிடம், 'இந்தாப்பா கடன், திருச்சி ஜில்லாவில் போய் மளிகைக் கடை வை' என்றால்? ஊர் தெரியாது, கொள்முதல் தெரியாது. கடனுக்குச் சாமான் கேட்பவரின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லவும் தெரியாது. சொந்தக் கிராமத்தில் 'நீங்க யாரு?' என்ற சொந்தக்காரர்கள். கடை போனது, கடன் நின்றது. நம் பி.காம். புத்தகத்தில் மூலதனம் என்றால் பணம்தான். கைத்தொழிலை எந்தக் காலத்தில் போடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. சர்க்கார் ஃபைலுக்கும் அது தெரியவில்லை.

எல்லாரையும் அப்படித் தள்ளிவிட்டார்கள் என்று சொன்னால் அநியாயம். 1968-ல் தமிழ்நாடு வனத்துறை இவர்களுக்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டத்தை ஆரம்பித்தது. 1975-ல் அது 'டான்டீ' கார்ப்பரேஷன் ஆனது. தலைமையகம் குன்னூர். தாயகம் திரும்பியோருக்குக் கடன் தர 1969-ல் ரெப்கோ வங்கி வந்தது. கேரளாவில் புனலூர் பக்கம், கர்நாடகாவில் சுள்ளியா பக்கம் ரப்பர்த் தோட்டங்கள். தெரிந்த வேலையோ, அதற்குப் பக்கத்து வேலையோ கிடைத்தவர்கள் ஒரு மாதிரி கால் ஊன்றினார்கள். மற்றவர்கள் அரசாங்கக் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தாங்களே ஒரு கணக்குப் போட்டார்கள். 'கோத்தகிரி மலை நம்ம மலை மாதிரியே இருக்காம், குளிரும் அப்படியே, கொழுந்தும் அப்படியே' என்று யாரோ எழுதிய ஒரு கடிதம். மூட்டையைக் கட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டார்கள்.

அப்பாயி குடும்பமும் அப்படித்தான். துறையூர்ப் பக்கம் பதினோரு மாசம் கடை. அப்புறம் மேட்டுப்பாளையம் பஸ்.

1984-ல் இலங்கைக் கலவரச் சூழ்நிலையில் கப்பல் நின்றது. அதற்குள் நாலு லட்சத்துக்கும் மேல் வந்துவிட்டார்கள்.

சரி, வந்தவர்களின் வீட்டுக் கணக்கு? அதில்தான் இன்றைக்கும் பாக்கி நிற்கிறது. அரசுத் தோட்டமோ தனியார் தோட்டமோ, லைன் வீடு வேலையோடு ஒட்டியது. ரிட்டயரானால் காலி பண்ண வேண்டும். கூடலூர்ப் பக்கம் ஜன்ம நிலங்களில் குடிசை போட்டவர்களுக்கு, 1969-லேயே ஜன்ம ஒழிப்புச் சட்டம் வந்தும் பட்டா கேட்டு அலைவது தலைமுறை தாண்டிய தொழிலாகிவிட்டது. 2022-ல் டான்டீயின் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தபோது, அந்த லைன் வீடுகளில் தூக்கம் போனதற்குக் காரணம் இதுதான்.

நண்பனின் நாற்பத்திரண்டு வரிசையில் இல்லாத வரிசையும் இதேதான். அவன் அப்பாவுக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். லைன் வீடு போய்விடும். அப்பா, அம்மா, அப்பாயி மூணு பேரும் எங்கே போவார்கள்? சின்னதாக ஒரு வீடு பார்த்தாலும் அதே பதினேழு லட்சத்தில்தான் கை வைக்க வேண்டும். கை வைத்தால் கனடா அவுட். வைக்காவிட்டால் வீடு அவுட். ஒரே பணம், ரெண்டு கடல் கரை.

இதைச் சொன்னதும் பயல் மூஞ்சி சுருங்கிவிட்டது. 'தெரியும்ணே. அதான் அந்த வரிசையை எழுதவே இல்ல' என்றான்.

அப்பாயிதான் பஞ்சாயத்தை ஆரம்பித்தார். 'அங்க போனா என்ன வேலைடா?'

'போய்த்தான் தேடணும் அப்பாயி.'

'இவளுக்கு?'

'நர்ஸ் வேலைதான். ஆனா அந்த ஊர்ப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணும். அதுவரைக்கும் வேற எதாச்சும்...'

'அப்ப நீயும் தொறையூருக்குக் கடை வைக்கத்தான் போறே. பெரட்டுல பேரு விழுந்தாத்தான்டா சம்பளம். பேரு விழுகாத ஊருல எத்தன மாசம் குந்தித் தின்னுவே?'

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடம். நாலாயிரம் ரூபாயில் எம்.பி.ஏ. முடித்தவர் பேச்சுக்கு நான் என்ன சேர்ப்பது? நர்ஸ்களுக்கான அந்தப் பரீட்சையை இந்தியாவிலேயே எழுத வழி இருக்கிறது என்று மட்டும் ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் கசகசவென்று விவாதம். கடைசியில் ஷீட் தலைகீழாக மாறியது. முதலில் மனைவியின் பரீட்சை, லைசென்ஸ். கனடா விண்ணப்பம் அதற்கப்புறம், ஒண்ணரை வருஷம் தள்ளி. அப்பாவின் கிராஜுவிட்டி வந்ததும் அதைப் போட்டுக் கோத்தகிரியில் ஒரு வீடு போக்கியத்துக்கு. கையிருப்புப் பணம் தொடப்படாது. கூடவே நான் ஒரு வரிசை நுழைத்தேன்: 'சம்பளம் இல்லாத மாதங்கள்'. அவன் 3 என்று போட்டான். அப்பாயி முறைத்தார். 9 ஆனது.

வங்கி விஷயம் ஒன்றும் சொல்லி வைத்தேன். நிரந்தரமாகக் கிளம்பினால் இங்கே இருக்கிற சாதாரண சேவிங்ஸ் அக்கவுன்டை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். பி.பி.எஃப். இருந்தால் முதிர்வு வரை ஓட்டலாம், புதிதாகத்தான் ஆரம்பிக்க முடியாது. அப்பா பெயரில் பவர் எழுதிவைப்பது நல்லது. இதெல்லாம் ஏர்போர்ட் போகும் வழியில் ஞாபகம் வருகிற சமாச்சாரங்கள்.

கிளம்பும்போது அப்பாயி மெதுவாகக் கேட்டார், 'தம்பி, ஏரோப்பிளேன்ல தையல் மிசினு ஏத்துவாங்களா?'

பெட்டிக்கு 23 கிலோ என்றேன். மறுநாள் காலை நண்பன் போன் பண்ணினான். ஸ்டாண்டைக் கழற்றிவிட்டுத் தலைப்பாகத்தை மட்டும் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தானாம். பதிமூணு கிலோ சொச்சம்.

'ஒரு பெட்டில போட்டா, பாக்கி பத்து கிலோ துணி வைக்கலாம்ணே' என்றான்.