பெருச்சாளியின் பெயர்க் கணக்கு

போன மாசம் கார் ஸ்டார்ட் ஆகலை. பானெட்டைத் திறந்த மெக்கானிக் கடித்துத் துப்பின ஒயர்களைக் காட்டி, "எலி இல்ல சார், பெருச்சாளி" என்றார். பக்கத்தில் நின்ற மகள் உடனே, "பாண்டிகூட்டா? க்ராஷ் பாண்டிகூட் மாதிரியா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அது தப்பு. எவ்வளவு தப்பு என்று பார்க்க உட்கார்ந்து மூன்று ராத்திரி போயிற்று. அதுதான் இந்தப் பதிவு.

முதலில் அந்தச் சொல். தெலுங்கில் பெருச்சாளியை 'பந்திகொக்கு' என்பார்கள். பந்தி என்றால் பன்றி, நம் 'பன்னி'யின் உடன்பிறப்பு. கொக்கு என்றால் எலி. (தமிழ்க் காதுக்குப் பன்றியும் பறவையும் சேர்ந்த ஏதோ ஒன்று என்றுதான் கேட்கும். எனக்கும் அப்படித்தான் கேட்டது.) கிழக்குக் கரையில் இருந்த ஐரோப்பியர்கள் வாயில் அது பாண்டிகூட் ஆயிற்று. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குப் போன ஆங்கிலேயர்கள் அங்கே நீண்ட மூக்கோடு மண்ணைக் கிளறிய ஒரு பிராணியைப் பார்த்தார்கள். தெரிந்த பெயரையே வைத்துவிட்டார்கள். அது வயிற்றில் பையுள்ள கங்காரு வகையறா. எலிக்கும் அதற்கும் பாலூட்டி என்பதைத் தாண்டி உறவே இல்லை. 1996-ல் வந்த வீடியோ கேம் நாயகன் அந்த ஆஸ்திரேலியப் பிராணிதான். ஆக, சொல் நம்ம ஊர்ச் சொல், புகழ் வேறு யாருக்கோ.

அறிவியல் பெயரில் மட்டும் அந்தச் சொல் சரியான பிராணியிடமே இருக்கிறது. பெருச்சாளிகளின் பேரினம் பாண்டிகோட்டா. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஜான் எட்வர்ட் கிரே 1873-ல் வைத்த பெயர். இன்றைக்கு அதில் மூன்றே இனங்கள். பெரியது பாண்டிகோட்டா இண்டிகா, சிறியது பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ், மூன்றாவது தென்கிழக்கு ஆசியாவின் பாண்டிகோட்டா சாவிலெய். மூன்றாவதைப் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை, 1916-ல் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் பெயர் வைத்தார் என்பதைத் தவிர.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது பெரியதுதான். அதன் முழுப் பெயரை 'பாண்டிகோட்டா இண்டிகா (பெக்ஸ்டைன், 1800)' என்று எழுதுவார்கள். அந்த அடைப்புக்குறி அழகுக்கு இல்லை. பெக்ஸ்டைன் என்ற ஜெர்மானியர் இதை முதலில் வேறு பேரினத்தில் வைத்தார், பிறகு இடம் மாறியது என்று அதற்கு அர்த்தம். அவர் வைத்தது மஸ் இண்டிகஸ். அந்தக் காலத்தில் எலி மாதிரி இருந்த எல்லாமே 'மஸ்'தான். எங்கள் தொழிலில் எல்லா ஃபைலையும் டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைப்பார்களே, அது மாதிரி. பாண்டிகோட்டா லத்தீனில் பெண்பால் என்பதால், இடம் மாறியபோது இண்டிகஸ் இண்டிகா ஆனது. யார் எப்போது வைத்தார் என்பது மட்டும் மாறாது. ஃபோல்டர் மாற்றினாலும் முதல் கமிட்டின் தேதி அப்படியே இருப்பது போல.

இந்த இனத்தின் மூல இடமாகப் பதிவாகியிருப்பது பாண்டிச்சேரி. பெயருக்கு ஆதாரமான பிராணி எந்த ஊரிலிருந்து வந்ததோ அதைத்தான் மூல இடம் என்கிறோம்.

இதே பிராணிக்குப் பின்னால் வந்து தோற்றுப்போன பெயர்களின் பட்டியல் ஒன்று உண்டு. ஹார்ட்விக் 1804-ல் வைத்த மஸ் ஜைகான்டியஸ் அதில் இருக்கிறது. ஜார்ஜ் ஷா 1801-ல் வைத்த மஸ் மலபாரிகஸ் இருக்கிறது. அதே ஷா, அதே வருஷம், அதே விலங்குக்கு வைத்த இன்னொரு பெயரும் இருக்கிறது: மஸ் பெர்ச்சால்.

பெர்ச்சால்! சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். இந்தச் சொல் ஷாவுக்கு முன்பே பிரெஞ்சுக்காரர் புஃபோனின் நூலில், பாண்டிச்சேரி எலியின் பெயராக வந்துவிட்டது. புஃபோன் லத்தீன் இரட்டைப் பெயர் முறையை ஏற்காதவர். அதனால் அவர் எழுதியது அறிவியல் பெயராகக் கணக்கில் வராது. ஷா அதை லத்தீனாக்கினார். பாண்டிச்சேரியில் யாரோ ஒருவர் "பெருச்சாளி" என்று சொல்ல, கேட்ட பிரெஞ்சுக்காரர் கடைசி 'இ'யை விழுங்கிவிட்டு எழுதிக்கொண்டார் என்பது என் ஊகம். ஊர், விலங்கு, ஒலி மூன்றும் பொருந்தும்போது வேறெப்படி நினைப்பது?

முந்தி வெளியான பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. 1800-ஐ 1801 ஜெயிக்க முடியாது. ஒரே வருஷத்தில் தமிழ்ச் சொல் தோற்றது. இண்டிகா என்பது பொருத்தமான பெயரா என்றால் அதுவும் இல்லை. இந்தப் பிராணி வியட்நாம் வரைக்கும் இருக்கிறது. விதிக்குப் பொருத்தம் முக்கியமில்லை, தேதிதான் முக்கியம். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் அந்த விதி இல்லாவிட்டால் ஒரே எலிக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

சின்னதற்கும் ஒரு கதை உண்டு. கிரே 1835-ல் அதை ஆர்விகோலா என்ற குளிர்நாட்டு எலிப் பேரினத்தில் சேர்த்தார். 1837-ல் அவரே அதே இனத்துக்கு மஸ் கோக் என்று இன்னொரு பெயர் வைத்தார். கோக், அதாவது நம்ம 'கொக்கு'. வால்டர் எலியட் 1839-ல் வைத்தது 'ப்ராவிடென்ஸ்', முன்யோசனை உள்ளது என்று பொருள். வளைக்குள் நெல்லைச் சேர்த்து வைப்பதால் வந்த பெயர். வேளாண் துறைக்காரர்கள் கரம்பை எலி என்பது இதைத்தான். செங்கல்பட்டுப் பக்கம் இருளர்கள் வரப்பைத் தோண்டி இதைப் பிடிப்பதோடு, அது பதுக்கிய நெல்லையும் எடுத்துக்கொள்வார்கள். எலியட்டின் பெயரும் முன்னுரிமையில் தோற்றதுதான்.

மகளிடம் திருத்தம் சொல்லியாயிற்று. ஒயரைக் கடித்தது பெரியதா சின்னதா என்று கேட்டாள். பிடித்தால்தானே தெரியும். கூண்டு வைத்திருக்கிறோம், மசால்வடையோடு. நேற்று ராத்திரி வடையை மட்டும் காணோம்.