குடிகாரரைத் தேடிய குடிகாரர்!

1935-ம் ஆண்டு மே மாதம். சனிக்கிழமை.

அமெரிக்காவில் ஆக்ரன் என்று ஒரு நகரம். ரப்பர் டயர் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு ஓட்டலின் முன்கூடத்தில் ஒருவர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு இருந்தார்.

அவர் பெயர் பில் வில்சன். வயது 39. நியூயார்க் நகரில் பங்கு மார்க்கெட் தொழில் செய்தவர். வியாபார விஷயமாக ஆக்ரனுக்கு வந்தார். வந்த காரியம் தோற்றுவிட்டது. பையில் இருந்தது சுமார் 10 டாலர்.

கூடத்தின் ஒரு கோடியில் மதுக்கடை. மறு கோடியில் டெலிபோன்.

வில்சன் பெருங்குடியர். குடியால் வேலை போயிற்று. பணம் போயிற்று. மனைவி லோயிஸ் கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தை நடத்தினார். பல தடவை ஆஸ்பத்திரியில் கிடந்த வில்சன், 1934 டிசம்பரில் குடியை விட்டார். விட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது. ஒரே ஒரு கிளாஸ் குடித்தால் என்ன என்று மனம் இழுத்தது.

அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த ஐந்து மாதமும் அவர் பல குடிகாரர்களைத் திருத்த முயன்றார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. ஆனால் அவர்களோடு பேசிய வில்சன் குடிக்கவில்லை!

தாம் பிழைக்க இன்னொரு குடிகாரர் வேண்டும்!

அவர் டெலிபோன் பக்கம் போனார்.

15 நிமிடம் என்றார்!

ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டார். அவர் சொன்ன பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். கடைசியில் ஒரு பெண்மணி கிடைத்தார். அவருக்கு ஒரு குடிகார டாக்டரைத் தெரியும்!

அவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். வயது 55. அறுவைச் சிகிச்சை செய்பவர். அன்று அவர் வரும் நிலையில் இல்லை. நல்ல போதை!

மறுநாள் மாலை 5 மணிக்கு மனைவியோடு வந்தார். 15 நிமிடம்தான் இருப்பேன் என்றார். பேச்சு முடிந்தபோது இரவு 11 மணிக்கு மேல் ஆகிவிட்டது.

வில்சன் புத்தி சொல்லவில்லை. தாம் குடித்த கதையையும், விழுந்த கதையையும் சொன்னார். டாக்டருக்கு உபதேசம் செய்தவர்கள் பலர் உண்டு. விழுந்து எழுந்தவரே வந்து பேசியது அதுதான் முதல் தடவை.

நடுங்கிய கை

ஆனால் டாக்டர் மறுபடி விழுந்தார். வெளியூரில் நடந்த டாக்டர்கள் மாநாட்டுக்குப் போனவர், குடித்துவிட்டுத் திரும்பினார். வில்சனும் டாக்டரின் மனைவியும் அவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஜூன் 10-ந் தேதி அவர் ஒரு ஆபரேஷன் செய்யவேண்டும். கை நடுங்கியது! நடுக்கம் நிற்க வில்சனே ஒரு பீர் கொடுத்தார்.

அதுதான் டாக்டர் குடித்த கடைசி மது. ஆபரேஷன் முடிந்ததும், தாம் கடன்பட்டவர்களையும் தீங்கு செய்தவர்களையும் தேடிப் போனார். இரவுதான் வீடு திரும்பினார். 1950-ல் இறக்கும்வரை அவர் மதுவைத் தொடவில்லை.

பிறகு இருவரும் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு வக்கீலைத் தேடிப் போனார்கள். அவரும் திருந்தினார். இருவர் மூவர் ஆனார்கள்!

பெயர் வேண்டாம், பணம் வேண்டாம்

இப்படிப் பிறந்தது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற சங்கம். சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். முழுப்பெயர் சொல்லவேண்டாம். சந்தா கிடையாது. குடியை விட ஆசை இருந்தால் போதும். சேர்ந்தவர்கள் கூடி உட்கார்ந்து, அவரவர் கதையைச் சொல்கிறார்கள். ஆயுள் முழுவதும் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யவேண்டாம். இன்று ஒரு நாள் குடிக்காமல் இருந்தால் போதும். நாளையும் அப்படியே!

குடிகாரர் வீட்டாரும் நோகிறார்கள் அல்லவா? அவர்களுக்காக லோயிஸ் 1951-ல் 'அல்-அனான்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்.

இன்று சுமார் 180 நாடுகளில் ஏ.ஏ. இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கூட்டங்கள் நடக்கின்றன. 10 ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட 27 ஆய்வுகளை நிபுணர்கள் 2020-ல் சேர்த்துப் பார்த்தார்கள். குடியை அடியோடு விடுவதற்கு இந்த வழி மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்தது அல்ல, பல சமயம் மேலானது என்று கண்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: நெடுநாள் அளவுமீறிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே முதலில் டாக்டரைப் பார்க்கவேண்டும்.

வில்சன் 1971-ல் காலமானார். டெலிபோன் பக்கம் நடந்த அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகும் அவர் குடிக்கவே இல்லை!