கப்பலைத் தின்றது மணலா, நீரா?

பழங்காசு சேகரிப்பவர்களின் சந்தையில் அடிக்கடி கைமாறும் செப்புக்காசு ஒன்று உண்டு. ஒருபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிங்க முத்திரை, 1808 என்ற ஆண்டு. மறுபுறம் பாரசீக எழுத்தும், ரோமன் எண்ணில் பத்துக் காசு அல்லது இருபது காசு என்ற மதிப்பும். சென்னை மாகாணத்தில் புழங்குவதற்காக இங்கிலாந்தில் அடித்தது. இணைய ஏலங்களில் இதற்குக் கடற்புதையல், கப்பல் விழுங்கும் மணலிலிருந்து மீண்ட அரும்பொருள் என்றெல்லாம் விளம்பரம் செய்கிறார்கள். அரும்பொருள் என்பதை நம்ப வேண்டியதில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகள் கடலடியிலிருந்து மேலே வந்துவிட்டன. ஆனால் கப்பல் விழுங்கும் மணல் என்ற பேச்சை அப்படியே தாண்டிப் போக முடியாது. அந்தக் கடலடியில் உண்மையில் நடப்பது, விளம்பரம் எழுதுபவரின் கற்பனையைவிட அழகானது.

காசுகளை ஏற்றிவந்த கப்பலின் பெயர் 'அட்மிரல் கார்ட்னர்'. 1797இல் கடலில் இறங்கிய, எண்ணூறு டன்னுக்கு மேற்பட்ட பாய்மரக் கப்பல். 1809 ஜனவரியில் சென்னையை நோக்கிப் புறப்பட்டது. சரக்கறையில் இரும்பு, நங்கூரங்கள், பீரங்கிக் குண்டுகள். அவற்றோடு பீப்பாய் பீப்பாயாகச் செப்புக்காசு, ஏறத்தாழ ஐம்பது டன். இங்கிலாந்தின் தென்கிழக்கு முனையைக்கூட அது முழுதாகத் தாண்டவில்லை. ஜனவரி 24 இரவு அடித்த புயலில் குட்வின் மணல்திட்டில் தரைதட்டிச் சிதைந்தது. கம்பெனியின் இன்னொரு கப்பலான 'பிரிட்டானியா'வும் அதே புயலில் அங்கேயே போயிற்று.

ஐம்பது டன் செம்பு எதற்கு? அன்றைய சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது இருபது காசு நாணயம் 168 சேர்ந்தால்தான் ஒரு வராகன் தேறும். நாணயம் ஒன்றின் எடை ஏறக்குறைய ஒன்பது கிராம். மூன்றரை கிராம்கூட இல்லாத ஒரு பொன் வராகனுக்கு ஈடாக ஒன்றரைக் கிலோ செம்பைக் கடல் கடத்த வேண்டியிருந்தது. பர்மிங்காம் அருகே மேத்யூ போல்டன் நிறுவிய சோஹோ நாணயச் சாலையில் நீராவி எந்திரம் இவற்றை அடித்துத் தள்ளியது. வரலாறு இந்த அளவுக்குப் போதும்.

குட்வின் திட்டு கென்ட் கடற்கரைக்கு எதிரே, டீல் என்ற ஊரிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் கிடக்கிறது. நீளம் 16 கிலோமீட்டர் அளவில். சுண்ணாம்புப் பாறையின்மேல் இருபத்தைந்து மீட்டர் கனத்துக்கு மணல். திட்டுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் நீர்ப்பரப்புக்கு டவுன்ஸ் என்று பெயர். மேற்குக் காற்றைக் கரை மறைத்துவிடும். கிழக்கே திட்டு அலையை ஓரளவு உடைத்துவிடும். எனவே சாதகமான காற்றுக்காக நூற்றுக்கணக்கான கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டுக் காத்துக்கிடந்தன. தெற்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ குளிர்காலப் புயல் வந்தால் அதே இடம் பொறியாகிவிடும். சதுரப் பாய் கட்டிய கப்பலால் காற்றின் முகத்துக்கு அறுபத்தேழு பாகைக்கும் நெருக்கமாக ஓட முடியாது. புயலில் அதுவும் நடக்காது. பக்கவாட்டில் நழுவிக்கொண்டே போகும். மிச்சமிருப்பது நங்கூரமும் சணல் வடமும் மட்டுமே. கப்பல்களுக்கான இரும்புச் சங்கிலி வடத்துக்கு சாமுவேல் பிரவுன் என்ற கடற்படை அதிகாரி காப்புரிமை பெற்றது, காசுகள் அடித்த அதே 1808இல்தான். அது எல்லாக் கப்பல்களுக்கும் வந்துசேரப் பல ஆண்டுகள் பிடித்தன.

சரி, கப்பல் திட்டில் ஏறி நின்றுவிட்டது. அதன்பின் அது எப்படிக் காணாமல் போகிறது?

புதைமணல் கீழே இழுத்துக்கொண்டது என்பதுதான் எல்லாரும் சொல்லும் விடை. திரைப்படங்கள் இதை நம் தலையில் ஆழமாகவே புதைத்துவிட்டன. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் டேனியல் போன் குழுவினர் புதைமணலை ஆய்வகத்தில் அளந்து, 2005இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். மனித உடலைவிட இரு மடங்கு அடர்த்தி கொண்டது அது. இடுப்பளவுக்குமேல் ஒருவரை உள்ளே விடாது, மிதக்க வைத்துவிடும். குட்வின் மணலோ ஓதம் வற்றும்போது இறுகிவிடுகிறது. 1824இல் அதன்மேல் கிரிக்கெட்டே ஆடியிருக்கிறார்கள். பந்து எகிறும் தரை எப்படி எண்ணூறு டன் கப்பலை விழுங்கும்?

விடை தெரிய மெரினாவுக்குப் போனால் போதும். அலை வந்து திரும்பும் ஈர மணலில் வெறுங்காலோடு நில்லுங்கள். வரும் அலை ஒன்றும் செய்யாது. திரும்பும் நீர் குதிகாலைச் சுற்றி ஓடும்போது அடியிலிருந்து மணல் வழுக்கிக்கொண்டு போகும். ஐந்தாறு அலைக்குள் குதிகாலுக்குக் கீழே குழி. உடம்பு பின்னால் சாயும், பெருவிரல்கள் மணலைக் கவ்வப் பார்க்கும். அந்தக் குழியை உற்றுப் பாருங்கள். கால் தடுப்பதால் நீர் இரண்டாகப் பிரிந்து, பக்கவாட்டில் வேகமெடுக்கிறது. தடுக்கப்பட்ட நீரில் ஒரு பகுதி கீழ்நோக்கிப் பாய்ந்து, தரையில் மோதி, குதிரை லாட வடிவில் காலைச் சுற்றிச் சுருண்டு ஓடுகிறது. அந்தச் சுழல்தான் மணலைத் தோண்டுகிறது. இனி உங்கள் பாதத்தை ஐம்பது மீட்டர் நீளத்துக்கு வளர்த்துக்கொள்ளுங்கள். குதிகால் கப்பலின் பின்பகுதி; விரல்கள் அதன் முனை; நடுப்பாதத்தில் செம்பும் இரும்பும் நிறைந்த சரக்கறை. முழங்காலுக்குமேல் பாய்மரங்கள் நிற்கின்றன, காற்று அவற்றைப் பிடித்து உலுக்குகிறது. குதிகாலில் குழி விழுந்ததும் நாம் காலைத் தூக்கி அடுத்த அடி வைத்துவிடுவோம். தரைதட்டிய கப்பலுக்கு அடுத்த அடி கிடையாது.

குட்வின் திட்டுப் பகுதியில் ஓதநீர் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறி ஓடுகிறது. ஏறும்போது ஒரு முனையில் குழி, வற்றும்போது மறுமுனையில் குழி. விரைவிலேயே கப்பலின் நடுப்பகுதி மட்டும் மணல் மேட்டில் உட்கார்ந்திருக்கும். முன்னும் பின்னும் அந்தரத்தில் தொங்கும். அடிக்கட்டை முறிகிறது. முறிந்த துண்டுகள் ஒவ்வொன்றும் புதிய தடுப்பு. ஒவ்வொன்றையும் சுற்றிப் புதிய சுழல். கப்பல் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு அதற்குள் இறங்குகிறது.

அலையின் அடியும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு பேரலையும் கப்பலைத் தூக்கித் தொப்பென்று போடும்போது, நீர் ஊறிய மணலில் துகள்களுக்கிடையிலான பிடிப்பு தளர்கிறது. பாரத்தை மணல் தாங்காமல் இடையிலுள்ள நீர் தாங்குகிறது. 2001 பூகம்பத்தில் கட்ச் பகுதியில் தரை குழம்பாகி நீரும் மணலும் பீறிட்டதும் இதே காரணத்தால்தான். வெறும் மனிதனை மிதக்கவைக்கும் அடர்த்தி, நீர் நிறைந்த ஓட்டுக்குள் கிடக்கும் இரும்பைத் தாங்காது.

இந்தப் பொறிமுறையில் மனத்தைக் கவர்வது அது தானாகவே நின்றுவிடுவது. ஓடும் நீருக்குக் குறுக்கே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காத ஆழத்துக்குக் கப்பல் இறங்கியதும் சுழல் இல்லை. சுழல் இல்லையென்றால் தோண்டலும் இல்லை. ஓடிவரும் மணல் குழியில் விழுந்து மூடுகிறது. அதற்குமேல் மணல் மேடுகள் நகர்ந்து போகின்றன. விழுங்கியது என்று எதைச் சொல்கிறோமோ, அது முழுக்க நீரின் வேலை. மணல் செய்தது மூடிவைத்தது மட்டும்.

மூடிவைப்பதையும் அது அபாரமாகச் செய்கிறது. புதைந்த ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அங்கே பிழைக்காது. அதனால்தான் ஒன்றேமுக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும் பீப்பாய்க்குள் இருந்த காசுகளில் பல நேற்று அடித்தவைபோல் வெளிவந்தன. காப்பாற்றும் திட்டே கைவிடவும் செய்யும். 1703 நவம்பர் புயலில் அங்கே மூழ்கிய 'ஸ்டர்லிங் காசில்' போர்க்கப்பல் 1979இல் மணல் விலகி வெளிப்பட்டபோது மரமும் பொருளும் வியக்கத்தக்க நிலையில் இருந்தன. திறந்து கிடந்த பிறகு சிதைவு விரைந்தது. திட்டு ஒரே இடத்தில் நிற்பதில்லை. இன்று மூடியதை நாளை திறக்கும்.

'அட்மிரல் கார்ட்னர்' வெளிப்பட்டதில் மனிதர்களுக்கும் பங்குண்டு. 1970களில் டோவர் துறைமுகப் பணிக்கு அள்ளிய குட்வின் மணலில் காசுகள் கலந்திருந்தன. 1985இல் லட்சக்கணக்கில் எடுத்தார்கள். அதே ஆண்டு அந்த இடம் பாதுகாக்கப்பட்ட சிதைவாக அறிவிக்கப்பட்டது. அன்றைய மூன்று கடல் மைல் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று மறு ஆண்டே பாதுகாப்பு நீங்கியது. எல்லை பன்னிரண்டு மைலாக விரிந்தபின் 1990இல்தான் மீண்டும் கிடைத்தது.

டோவர் துறைமுக விரிவாக்கத்துக்காக அதே திட்டிலிருந்து முப்பது லட்சம் கன மீட்டர் வரை மணல் அள்ள 2018இல் உரிமம் வழங்கப்பட்டது. அள்ளும் பரப்பில் சிதைவுகள் உள்ளனவா என்று காந்தமானியும் சோனாரும் கொண்டு தேடியதை ஆதரவாளர்கள் முன்வைத்தார்கள். அந்தத் தேடல் தேவைதான், ஆனால் போதாது. அள்ளிய பள்ளம் நீரோட்டத்தின் வேகத்தை மாற்றும். அருகே புதைந்த கப்பல்களைச் சுற்றி ஓய்ந்துவிட்ட சுழல் மறுபடி உயிர்பெறலாம். திட்டின் ஏனைய பகுதிகளில் மணல் மட்டம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை அள்ளுவதற்கு முன்னும் பின்னும் பல குளிர்காலங்களுக்குத் தொடர்ந்து அளந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.