பழைய படைக்கலன்களும் சேகரிப்பாளரும் – பகுதி 6: லூகரின் எண்கள்

விசையை ஒருமுறை இழுத்தால் ஒரே ஒரு குண்டு வெளியேறி, அந்த வெடிப்பின் ஆற்றலாலேயே காலியான தோட்டா உறை வெளியே வீசப்பட்டு, அடுத்த தோட்டா தானாகவே குழலுக்குள் ஏறிக்கொள்ளும் கைத்துப்பாக்கியே அரைத் தானியங்கி எனப்படுகிறது என்பதும், அவ்வகைத் துப்பாக்கிகளின் முதல் தலைமுறை 1890களில் தோன்றியது என்பதும் முந்தைய பகுதிகளில் விளக்கப்பட்டன. அத்தலைமுறையில் சேகரிப்பாளர்களால் மிகுதியாக ஆராயப்பட்டதும், மிகுதியாகப் போலி செய்யப்பட்டதும் லூகர் ஆகும். பல இலட்சக்கணக்கில் ஆலைகளிலிருந்து வெளிவந்த ஒரு பொருளை அரும்பொருளாக மதித்து விலை பேசுவது முரணாகத் தோன்றலாம். அதன் உடலெங்கும் குத்தப்பட்டுள்ள சிறு எண்களைப் படித்தறிந்தவர்க்கு அந்த முரண் விலகிவிடும்.

இத்துப்பாக்கியின் முன்னோடி, ஹூகோ போர்ஷார்ட் என்னும் பொறியாளர் வடிவமைத்து, பெர்லினின் லுட்விக் லூவே ஆலை 1893 முதல் செய்து விற்றதாகும். கைப்பிடி ஏறத்தாழச் செங்குத்தாக நிற்க, மீள்வில்லைத் தாங்கும் பருத்த கூடு பின்புறம் துருத்திக்கொண்டிருந்த அக்கருவி கைக்கு அடங்காததாக இருந்தமையால் சுமார் 3,000 மட்டுமே செய்யப்பட்டன. லூவே ஆலை பிற ஆலைகளோடு இணைந்து உருவான டி.டபிள்யூ.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த கியோர்க் லூகர் (1849–1923) என்னும் டைரோல் நாட்டு ஆஸ்திரியர், மீள்வில்லைக் கைப்பிடிக்குள் கொண்டுசென்று, கைப்பிடியையும் சாய்வாக்கி, 1898இல் காப்புரிமை பெற்றார். சுவிட்சர்லாந்து 1900இல் இதை முதன்முதலாகத் தன் படைக்கு ஏற்றது. ஜெர்மன் கடற்படை 1904இலும் தரைப்படை 1908இலும் ஏற்றன. தரைப்படையின் ஆண்டே பெயராகிப் பி.08 என்னும் வழக்கு நிலைத்தது. இதற்கென்றே உருவான 9 மி.மீ. தோட்டா இன்றும் உலகின் பெரும்பாலான படைகளிலும் காவல் துறைகளிலும் புழங்குகிறது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

எண்கள் ஏன் குத்தப்பட்டன என்பதை அறிய அதன் இயக்கத்தை அறிதல் வேண்டும். தோட்டா வெடிக்கும் கணத்தில் குழலின் பின்வாயை அடைத்து நிற்க ஒரு பூட்டு தேவை. லூகரில் அப்பூட்டு, மனிதனின் முழங்காலைப் போல நடுவில் மடங்கும் இரண்டு துண்டுகளால் ஆனது. மூடிய நிலையில் நடுமூட்டின் அச்சு, முன் பின் அச்சுகளை இணைக்கும் கோட்டுக்குச் சற்றே கீழே இருப்பதால், பின்னோக்கி வரும் அழுத்தம் அதனை மேலும் இறுக்கவே செய்கிறது. குழலும் பூட்டும் ஒன்றாகச் சிறிது தூரம் பின்னகர்ந்ததும், மூட்டின் இருபுறமும் உள்ள குமிழ்கள் உடற்சட்டத்தின் சரிவில் ஏறி மூட்டை மேல்நோக்கி மடக்குகின்றன. காலி உறை மேலே பறக்கிறது. கைப்பிடிக்குள் இருக்கும் வில் எல்லாவற்றையும் முன்னே இழுத்து, எட்டுத் தோட்டாக்கள் கொண்ட மேகசினிலிருந்து அடுத்ததை உள்ளே தள்ளுகிறது. இத்தனை அசைவும் மிகச் சிறிய இடைவெளிகளை நம்பி நடப்பதால், துண்டுகளை ஒன்றோடொன்று அரத்தால் தேய்த்துப் பொருத்தும் கைவேலை இன்றியமையாததாயிற்று. ஒரு துப்பாக்கிக்கெனப் பொருத்திய துண்டு இன்னொன்றில் சரியாக அமையும் என்பதற்கு உறுதியில்லை. படைமுகாமில் பல துப்பாக்கிகளை ஒருசேரக் கழற்றித் துடைக்கும்போது துண்டுகள் கலந்துவிடாதிருக்கவே ஒவ்வொன்றிலும் எண் குத்தப்பட்டது. ஆயுதக் கிடங்குப் பணியாளரின் வசதிக்காக ஏற்பட்ட இந்த ஏற்பாடு, பின்னாளில் சேகரிப்பாளரின் முதன்மைச் சான்றாக மாறியது.

படைக்கெனச் செய்த லூகரின் முழு வரிசை எண் உடற்சட்டத்தின் முன்புறத்திலும் குழலின் அடியிலும் காணப்படும். நான்கு இலக்கங்கள் நிறைந்ததும் எண் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கி ஓர் எழுத்தைப் பின்னொட்டாகப் பெறும். ஆண்டு மாறினால் வரிசையும் புதிதாகத் தொடங்கும். ஆகவே ஆலை, ஆண்டு, எண், எழுத்து ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் ஒரு துப்பாக்கி தனித்து அடையாளம் பெறும். விசை, பக்கத் தகடு, காப்பு நெம்பி, மூட்டின் துண்டுகள், உறையைக் கவ்வி இழுக்கும் கொக்கி முதலிய சிறு உறுப்புகளில் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் இடம்பெறும். கைப்பிடியின் மரப்பலகைகளைக் கழற்றிப் புரட்டினால் உட்புறத்திலும் அதே இரண்டு இலக்கங்கள் தென்படும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வழங்கப்பட்ட இரண்டு மேகசின்களின் அடிக்கட்டையிலும் எண் உண்டு. இரண்டாவதில் எண்ணோடு ஒரு கூட்டல் குறியும் சேர்ந்திருக்கும். அடிக்கட்டை முதல் உலகப்போர்க் காலத்தில் மரத்தாலும், 1930களில் அலுமினியத்தாலும் ஆனது. இவை அனைத்தும் ஒன்றுபட்டு நிற்கும் துப்பாக்கியே 'எண்கள் பொருந்தியது' எனப்படுகிறது. ஒரே ஒரு சிறு உறுப்பு மாறியிருந்தாலும் விலை பெரிதும் இறங்கும். இரு மேகசின்களும் பொருந்திய நிலையில் கிடைப்பது அரிதினும் அரிது.

செய்த ஆலைகளைப் பொறுத்தும் மதிப்பு வேறுபடும். டி.டபிள்யூ.எம். செய்தவையே மிகுதி. எர்ஃபூர்ட் அரசு ஆலை, மிகச் சிறிய துண்டுகளிலும் மகுடம் பொறித்த ஆய்வாளர் முத்திரையைக் குத்தியதற்காக அறியப்படுகிறது. சூல் நகரின் சிம்சன் ஆலை வைமார்க் குடியரசின் காலத்தில் படைக்கு லூகர் வழங்கியது. உரிமையாளர்கள் யூதர்கள் என்பதால் அந்த ஆலையை நாஜி அரசு பின்னர் பறித்துக்கொண்டது. 1930இல் லூகர் உற்பத்தி பெர்லினிலிருந்து ஓபெர்ன்டார்ஃபில் இருந்த மௌசர் ஆலைக்கு மாறியது. படைப்பெருக்கத்தை மறைக்க விரும்பிய அரசு, மௌசர் என்னும் பெயருக்குப் பதில் 'எஸ்/42' என்னும் குறியீட்டையும், 1934க்குக் 'கே' என்றும் 1935க்கு 'ஜி' என்றும் ஆண்டெழுத்துகளையும் இட்டது. வான்படைக்கென 10,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் பெற்ற கிரீக்ஹாஃப் ஆலையின் படைப்புகளே இன்று மிக உயர்ந்த விலை பெறுவனவற்றுள் அடங்கும். 1941ஆம் ஆண்டைய சில மௌசர் துப்பாக்கிகள் கருநிறப் பிளாஸ்டிக் கைப்பிடியோடு 'பிளாக் விடோ' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. அப்பெயர் போருக்குப் பின் வணிகர்கள் சூட்டியதேயன்றி ஜெர்மன் படையில் வழங்கியதன்று என்பதால், அதற்கெனக் கூடுதல் விலை தருவதற்கு நியாயம் ஏதுமில்லை.

எண்களுக்கு அடுத்த சான்று எஃகின் மேற்பூச்சு ஆகும். 1937 வரை இத்துப்பாக்கிகளுக்குத் துருநீலம் ஏற்றப்பட்டது. எஃகின்மேல் அமிலக் கரைசலைத் தடவித் துருப்பிடிக்கச் செய்து, வெந்நீரில் கொதிக்கவைத்து, மேலெழும் தூளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கி, இதனையே பன்முறை செய்தால் கருநீல ஒளி கொண்ட மெல்லிய படலம் உருவாகும். விசை, காப்பு நெம்பி போன்ற சில சிறு உறுப்புகள் இதற்கு உட்படாமல், சூடேற்றிப் பதப்படுத்தும்போது தோன்றும் வைக்கோல் நிறத்திலேயே விடப்பட்டன. 1937இல் மௌசர், சூடான உப்புக் கரைசலில் முழுத் துண்டையும் அமிழ்த்தும் விரைவான முறைக்கு மாறியபின், சிறு உறுப்புகளும் நீலமாயின. துருநீலம் ஏற்றிய சட்டத்தின் உட்குழி வெள்ளை எஃகாகவே இருக்கும். உப்புக் கரைசலில் அமிழ்ந்ததன் உட்குழியும் நீலமாக இருக்கும். 1917 என ஆண்டு பொறித்த துப்பாக்கியின் உட்புறம் நீலமாக இருந்தால், அது பிற்காலத்தில் மறுபூச்சுக்கு உள்ளானது என்பதில் ஐயமில்லை. கைபட்டுத் தேய்ந்து, முனைகளில் வெள்ளை தெரியும் பழைய பூச்சே பளபளக்கும் புதுப்பூச்சைவிடப் பன்மடங்கு உயர்வாக மதிக்கப்படுகிறது. புதுப்பிக்கும் நோக்கில் செய்யும் எதுவும் அழிவாகவே முடிவதைப் புதிதாகச் சேகரிப்பில் இறங்குவோர் காலம் தாழ்த்தியே உணர்கின்றனர்.

விலை எண்ணில் இருக்கும்போது எண்ணைப் போலி செய்வதும் இயல்பே. பொருந்தாத உறுப்பின் இலக்கங்களை அரத்தால் நீக்கிப் புதிதாகக் குத்துவதும், சாதாரணச் சட்டத்தில் 200 மி.மீ. குழலை ஏற்றிப் பீரங்கிப்படை லூகர் என விற்பதும், கிரீக்ஹாஃபின் பெயரைப் பொறிப்பதும் நெடுங்காலமாக நடந்து வருகின்றன. பூச்சு ஏறிய பின்னர்க் குத்தப்பட்ட முத்திரையைச் சுற்றி உலோகம் சற்றே மேலெழுந்து, அந்த விளிம்பில் படலம் விலகி மெல்லிய ஒளிவட்டம் போலத் தெரியும்; மறுபூச்சு இட்டால் அவ்வட்டம் மறைந்துவிடும். அரம் பட்ட இடம் சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்திருக்கும் என்பதால், உருப்பெருக்கியின் கீழ்ச் சாய்வொளியில் அதைக் கண்டுகொள்ளலாம். இலக்கங்களின் எழுத்துரு ஆலைக்கு ஆலை வேறுபடுவதால், சார்லஸ் கென்யன் 1969இல் வெளியிட்ட 'லூகர்ஸ் அட் ராண்டம்' போன்ற விளக்க நூல்களும், பின்னர் ஜான் ஸ்டில் காலவாரியாக எழுதிய நூல்களும் சேகரிப்பாளரின் மேசையில் உருப்பெருக்கிக்கு இணையான இடம் பெற்றன. போலி செய்வோரும் அதே நூல்களைப் படிக்கின்றனர் என்பதையும் மறுக்க இயலாது.

பொருளோடு வரும் தாளும் ஒரு சான்றாகும். இரண்டாம் உலகப்போரின் முடிவில் அமெரிக்கப் படைவீரர் கைப்பற்றிய துப்பாக்கியைத் தாயகத்துக்குக் கொண்டுசெல்ல, மேலதிகாரி ஒப்பமிட்ட அனுமதிச் சான்று வழங்கப்பட்டது. துப்பாக்கியின் எண் குறிக்கப்பட்ட அத்தகைய சான்று உடனிருந்தால் மதிப்பு கூடும். கிழக்கு முனையில் சோவியத் படை கைப்பற்றியவற்றின் நிலை வேறு. அவை பணிமனைகளில் மொத்தமாகக் கழற்றப்பட்டு, துண்டுகள் கலந்து, எல்லாம் ஒரே கரைசலில் மறுபூச்சுப் பெற்றமையால், நன்றாகச் சுடக்கூடியவையாக இருந்தும் சேகரிப்பாளரிடம் கீழான இடத்தையே பெறுகின்றன.

மதிப்பு எண்களின் பொருத்தத்தையே சார்ந்திருப்பதால் உடைமையாளரின் அன்றாட நடைமுறையிலும் ஒரு பிளவு ஏற்பட்டுள்ளது. எண்கள் பொருந்திய துப்பாக்கியைச் சுட்டு, தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் அடிமுள்ளோ கொக்கியோ முறிந்தால் எண் கொண்ட உறுப்பு மீளாது. ஆகவே சுடுவதற்கென எண்கள் பொருந்தாத ஒன்றை 'ஷூட்டர்' என்ற பெயரில் தனியே வைத்துக்கொள்வதே வழக்கம். துப்பாக்கியை அதற்குரிய தோலுறையிலேயே இட்டுவைப்பது இயற்கையாகத் தோன்றினும், தோல் ஈரத்தை ஈர்ப்பதோடு பதனிட்ட வேதிப்பொருள்களையும் தாங்கியிருப்பதால் அது துருவையே விளைவிக்கும். இரண்டையும் பிரித்து வைப்பதே முறை.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. அமெரிக்காவில் 50 ஆண்டு கடந்து மூலவடிவம் மாறாத துப்பாக்கி அரும்பொருள் வகையில் அடங்கும்; மூன்றாண்டுக்கு 30 டாலர் கட்டணத்தில் சேகரிப்பாளர் உரிமம் பெற்றவர் அவ்வகைத் துப்பாக்கிகளை மாநிலம் கடந்தும் வாங்கலாம், ஆனால் வரவையும் விற்பனையையும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும், வணிகமாக நடத்தவும் கூடாது. ஜெர்மனியில் பண்பாட்டு வரலாற்று மதிப்புடைய ஒரு தெளிவான பொருளை வரையறுத்துக்கொண்டு, அதற்குள் மட்டுமே திரட்டுவதற்குச் சிவப்பு நிற உரிமை அட்டை வழங்கப்படுகிறது. பிரிட்டன் 1997இல் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தபோது, 1919க்கு முன் செய்யப்பட்டு, தோட்டா எளிதில் கிடைக்காதவற்றை மட்டும் தோட்டாவின்றி வீட்டில் வைத்திருக்க விதிவிலக்கு அளித்தது. 9 மி.மீ. தோட்டா எங்கும் கிடைப்பதால் பி.08 அவ்விலக்குக்குள் வராது. வரலாற்று முதன்மை உடையது என ஏற்கப்பட்டால், பிஸ்லி போன்ற குறிப்பிட்ட சுடுதளங்களின் பாதுகாப்பறையில் உடைமையாளரின் பெயரால் வைக்கப்பட்டு, அங்கேயே பார்க்கவும் சுடவும் இசைவு தரப்படுகிறது. உரிம அலுவலர் அங்கே சரிபார்ப்பது உடற்சட்டத்தின் முழு எண்ணை மட்டுமே. விசையிலும் கொக்கியிலும் உள்ள இரண்டு இலக்கங்களைப் பற்றிச் சட்டம் எதுவும் கேட்பதில்லை.