ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு கடல்!

மூக்கண்டப்பள்ளியில் யாரையாவது நிறுத்தி, ‘இங்கே பக்கத்துல கடல் எங்கே இருக்கு?’ என்று கேட்டால் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். சிப்காட் ஷிப்டுக்கு ஓடுகிற அவசரத்திலும் ஒரு நல்ல மனுஷர் நின்று, ‘மெட்ராஸ் பஸ் பிடிங்க ஸார், முந்நூறு கிலோமீட்டர்’ என்பார். நியாயம்தான். ஊர் இருப்பது கடல் மட்டத்துக்கு மேல் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். அலைச் சத்தம் மட்டும் விழாது.

பாறைகளைப் படிக்கிறவர்களைக் கேட்டால் வேறு வழி காட்டுவார்கள். வடகிழக்கே, காக்கை பறக்கிற கணக்கில் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். கோலார் தங்கவயல்! என்ன, தண்ணீர் போய் 250 கோடி வருஷம் ஆகிவிட்டது.

விளையாட்டில்லை. அதற்கு முன் கடல் தரையின் வரவு செலவைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

உலகம் உண்டான நாள் முதல் அப்படியே கிடக்கிற பள்ளம்தான் கடல் என்று ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 1912ல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர், ‘கண்டங்கள் நகர்கின்றன’ என்றார். எப்படி நகர்கின்றன என்று அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சிரித்தார்கள். 1930ல் கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்துபோனார். 1950களில் அமெரிக்காவில் மேரி தார்ப் என்ற பெண்மணி, கப்பல்கள் அளந்து வந்த ஆழங்களை வைத்து அட்லாண்டிக் தரைக்குப் படம் வரைந்தார். கடலுக்கடியில் நீளமாக ஒரு மலைத்தொடர்; அதன் உச்சியில் வகிடு எடுத்த மாதிரி ஒரு பிளவு! கூட வேலை பார்த்த புரூஸ் ஹீசன், ‘பொம்பளைப் பேச்சு’ என்று முதலில் ஒதுக்கினார். பிறகு அவரே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

அந்த வகிட்டில்தான் புதுத் தரை பிறக்கிறது என்று 1962ல் ஹாரி ஹெஸ் எழுதினார். சரி, அத்தாட்சி? அது கிடைத்தது நம் அரபிக் கடல் பக்கம். இந்துமாக்கடலின் வடமேற்கில் உள்ள கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரின் மேல் கப்பலில் போய் காந்தப்புலத்தை அளந்தார்கள். எரிமலைக் குழம்பு ஆறும்போது, அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அன்றைக்குப் பூமியின் காந்தம் எந்தப் பக்கம் காட்டியதோ அதை அப்படியே பதிவு பண்ணிக்கொள்ளும். பூமியின் காந்தமோ அவ்வப்போது வடக்கு தெற்காகவும் தெற்கு வடக்காகவும் கட்சி மாறுகிற ஆசாமி. ஆக, பிளவுக்கு இந்தப் பக்கம் என்ன வரிசையில் பட்டை பட்டையாகப் பதிந்திருக்கிறதோ, அதே வரிசை அந்தப் பக்கமும் இருக்க வேண்டும். கப்பல் அளந்து வந்த காந்தப் பட்டைகளுக்கு 1963ல் ஃபிரெட் வைன், டிரம்மண்ட் மாத்யூஸ் இருவரும் இப்படித்தான் விளக்கம் சொன்னார்கள். பிற்பாடு லெட்ஜரின் இரண்டு பக்கமும் டாலியாகிவிட்டது!

வரவு மட்டும் இருந்தால் பூமி ஊதிக்கொண்டே போகும். அதனால் செலவும் உண்டு. பிறந்த தரை சூடாக இருக்கிற வரை மேடாக நிற்கும். விலக விலக ஆறும், கனக்கும், தாழும். கடைசியில் ஆழமான அகழி ஒன்றில் தலைகீழாகப் பூமிக்குள் இறங்கிவிடும். கிணற்றில் விழுந்த வாளி கயிற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகுமே, அதுபோல் இறங்குகிற பகுதி பின்னால் வரும் தட்டை இழுக்கிறது. தட்டுகள் நகர இதுதான் முக்கியக் காரணம்.

இதனால் ஒரு விசித்திரம். பெருங்கடல்களின் தரை எல்லாமே இளசு. மேற்குப் பசிபிக்கில் இருக்கிற கிழடுக்கே வயது ஏறக்குறைய 18 கோடி வருஷம்தான். மூக்கண்டப்பள்ளியில் போர்வெல் போடுகிறவரைப் பாடாய்ப் படுத்துகிற பாறையோ 250 கோடி ஆண்டு வாக்கில் உண்டானது. அதற்குப் பெயர் ‘நைஸ்’. தொட்டுப் பார்த்தால் அப்படியொன்றும் நைஸாக இருக்காது! கண்டப் பாறை லேசு. அகழிக்குள் இறங்காமல் மிதந்து தப்பித்துக்கொள்கிறது. எனவே பழங்காலக் கடல் தரையைப் பார்க்க வேண்டுமா? கடலில் தேடிப் பிரயோஜனமில்லை. மூழ்காமல் நிலத்தில் சிக்கிக்கொண்ட துண்டுகளைத்தான் தேட வேண்டும்.

கோலார் அப்படிப்பட்ட இடம். வடக்கு தெற்காக, ஆந்திராவின் குப்பம் பக்கம் வரை நீளும் ஒரு கரும்பாறைப் பட்டை. அதன் வயது சுமார் 270 கோடி. அங்கே தலையணைகளை அடுக்கி வைத்த மாதிரி எரிமலைப் பாறை இருக்கிறது. குழம்பு தண்ணீருக்கடியில் பீறிட்டு, சட்டென்று குளிர்ந்தால்தான் அந்த உருவம் வரும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக்கியிருக்கிறது.

1989ல் ‘சயன்ஸ்’ இதழில் இந்திய, அமெரிக்க விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பட்டைக்கு மேற்கே உள்ள நைஸுக்கு ஒரு வயது, கிழக்கே உள்ளதற்கு வேறு வயது. நடுவிலிருக்கும் எரிமலைப் பாறையிலும் இரண்டு வம்சம். ஆகவே தனித்தனியாக இருந்த இரண்டு நிலங்கள் 250 கோடி வருஷத்துக்கு முன் ஒன்றோடொன்று வந்து ஒட்டியிருக்கின்றன, அந்தத் தையல்தான் கோலார் என்பது அவர்கள் வாதம். அதன்படி பார்த்தால் ஓசூர், மேற்குப் பக்கத்துப் பார்ட்னர்!

இந்தப் பட்டையின் விரிசல்களில் படிந்த தங்கத்துக்காகத்தான் வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் பக்கமிருந்தும் நம் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உடைத்தார்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் சோறும் கண்ணீரும் இந்தப் பழைய எரிமலைப் பாறைக்குள்தான் இருந்தது.

‘எப்பவோ நடந்த கதை, இப்ப நமக்கென்ன?’ என்கிறீர்களா? கணக்குப் புத்தகத்தை இன்னும் மூடவில்லையே!

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உள்ள ஜி.பி.எஸ். நிலையத்தின் கணக்குப்படி, நாம் வருஷத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறோம். 1980ல் ஓசூரிலிருந்து முதல் டி.வி.எஸ். 50 வெளியே வந்ததே, அதற்கப்புறம் ஓசூர் மொத்தமும் இரண்டு மீட்டருக்கு மேல் போயாகிவிட்டது. அத்திப்பள்ளியும் கூடவே வருவதால் எல்லைத் தகராறு இல்லை! தட்டின் வடக்கு ஓரம் முட்டிய முட்டில் எழுந்ததுதான் இமயமலை. கிழக்கு ஓரம் சுமத்ரா, அந்தமான் பக்கம் பூமிக்குள் இறங்குகிறது. அது வழுக்கிக்கொண்டு சுகமாக இறங்குவதில்லை. நூற்றுக்கணக்கான வருஷம் சிக்கி நிற்கும். ஒரு நாள் விடுபடும்.

2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணி வாக்கில் அப்படித்தான் விடுபட்டது. ரிக்டர் பேச்செல்லாம் தாண்டிய 9.1 அளவு. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிக நீளத்துக்குக் கடல் தரை கிழிந்து, மேலிருந்த தண்ணீரைத் தூக்கிவிட்டது. நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சொல்வதற்குத்தான் ஆளில்லை. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ எட்டாயிரம் பேர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல். வேளாங்கண்ணியில் போனவர்களில் பலர் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த வெளியூர் யாத்ரீகர்கள். கடலே தெரியாத ஊர்க்காரர்கள்.

அதற்குப் பிறகு 2007ல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11ல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் பூகம்பம். பெங்களூரில்கூட ஜனங்கள் ஆபீஸை விட்டு இறங்கி ரோட்டில் நின்றார்கள். எச்சரிக்கை உடனே போனது. நல்லவேளை, அந்த முறை தரை மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை இல்லை.

ஓசூர் மேட்டில் சுனாமி வரப்போவதில்லை. ஆனால் லீவு விட்டால் வேனைப் பிடித்து வேளாங்கண்ணிக்கும் மெரினாவுக்கும் போகிறவர்கள் நாமும்தானே? குழந்தைகளுக்கு நீச்சல் டிரெஸ்ஸோடு இதையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்: கரையில் நிற்கும்போது தரை நீண்ட நேரம் ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, கிளிஞ்சல் பொறுக்கக் கூடாது; போட்டோ எடுக்கக் கூடாது. மேட்டைப் பார்த்து ஓட வேண்டும். தூரத்தில் தரை அசைந்தாலும் அலை எதுவுமே வராமல் போகலாம். அப்போது ஓடினது வீண்தானே என்று யாராவது சிரித்தால், சிரித்துவிட்டுப் போகட்டும்.